கிட்டக்காவும் ஒன்பதாவது படியும்

அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அடையாள அட்டையிலும் மின்கட்டண ரசீதிலும் அது ஒழுங்காக அச்சாகி வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வாய்விட்டு அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் மிஞ்சியிருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்யும் அக்கா ஒருத்திதான். அவளும் பெரும்பாலும் ‘ஏய்’ என்றுதான் ஆரம்பிப்பாள். மற்ற எல்லோருக்கும் இவள் கிட்டக்கா.

கிட் அக்கா. வாயில் உருண்டு உருண்டு கிட்டக்கா ஆகிவிட்டது. “பேருதான் கிட்டக்கா, ஆளு எப்பவும் எட்டக்கா” என்று ஒருத்தன் ஒருமுறை வீடியோ மீட்டிங்கில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கேமராவை அணைத்து வைத்திருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கிட் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுகள் இருக்கிறார்களே, அவர்கள் கையில் ஒரு கருவி இருக்கும். பார்த்தால் தடித்த போன் மாதிரி. ரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல் எல்லாம் அதில்தான் பார்ப்பார்கள், அதில்தான் பதிவார்கள். அந்தக் கருவிக்கு ஆப் எழுதுவதுதான் நிறுவனத்தின் தொழில். கடையில் விற்கிற போன் என்றால் ஊருக்கெல்லாம் பொதுவான எஸ்.டி.கே., அதாவது ஆப் எழுதத் தேவையான மென்பொருள் மூட்டை, போதும். இது தனியாகச் செய்த கருவி. அதைச் செய்தவர்கள் கொடுக்கும் தனிக் கிட் இல்லாமல் ஒரு வரி எழுத முடியாது. அதை இறக்கி, பிரித்து, சரியான ஃபோல்டரில் வைத்து, ஆப் எழுதும் மென்பொருளிடம் ‘இதோ பார், இங்கேதான் இருக்கிறது’ என்று காட்ட வேண்டும். புது வீட்டில் சமைக்க வந்தவளுக்கு உப்பு எந்த அலமாரியில் என்று சொல்வதைப் போலத்தான். சொல்லாவிட்டால் ஜாடி நிறைய உப்பு இருந்தும் சாப்பாட்டில் உப்பிருக்காது.

கேட்டால் அரை மணி வேலை என்று தோன்றும். செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஃபோல்டர் பெயரில் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் போதும், மென்பொருள் திரை முழுக்கச் சிவப்பில் எழுதிக் கத்தும். வெர்ஷன் எண்ணில் ஒரு புள்ளி மாறினாலும் கத்தும். பழைய கிட்டின் மிச்சம் ஏதாவது ஒரு மூலையில் ஒளிந்திருந்தால் கத்தாது. அது இன்னும் மோசம். எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டிவிட்டுத் தப்பான ஆப்பைக் கையில் கொடுக்கும்.

நிறுவனத்தில் முப்பத்தொரு புரோகிராமர்கள். ஏழெட்டு ஊர்களில் அவரவர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள். யார் புதிதாகச் சேர்ந்தாலும், யார் கம்ப்யூட்டர் மாற்றினாலும், கிட்டுக்குப் புது வெர்ஷன் வந்தாலும், ஒரே பாட்டுத்தான்: “கிட்டக்காவக் கூப்பிடு.”

அவள் போனை எடுப்பாள். “சொல்லுங்க, என்ன கத்துது?”

“சிவப்பா வருது அக்கா.”

“சிவப்பா வந்தா நல்லது. சும்மா இருந்தாத்தான் பயம். ஸ்கிரீனைப் பகிருங்க.”

அவர்கள் தங்கள் திரையைத் திறந்து காட்டுவார்கள். அங்கே முதலில் தெரிவது புரோகிராம் வரிகள் இல்லை, அவர்கள் வாழ்க்கை. ஒருத்தியின் திரையில் இரட்டைப் பெண்குழந்தைகள் ஒரே மாதிரி தொப்பியோடு நிற்பார்கள். அந்தப் புரோகிராமருக்குக் கிட்டக்கா மனசுக்குள் வைத்த பெயர் இரட்டையம்மா. இன்னொருவன் திரையில் மழையில் நனைந்த மோட்டார் சைக்கிள். அவன் பைக்காரன். போன வருஷம் ஒரு குழந்தைக்கு முன்பல் விழுந்ததும், இந்த வருஷம் முளைத்ததும் கிட்டக்காவுக்குத் தெரியும். ஒருவர் திரையில் மனைவியோடு இருந்த படம் போய்ச் சும்மா ஒரு மலை வந்தபோது, அவள் எதுவும் கேட்காமல் அன்றைக்கு வேலையைச் சற்று மெதுவாகச் செய்தாள்.

கிட் மூன்று ஜி.பி. இருக்கும். ஆனை அசைந்து வருவதுபோல் அது இறங்கும். குறைந்தது முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணிதான் அவளுக்கு எல்லாமும். திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருக்க, இருவருக்கும் செய்ய வேறொன்றும் இருக்காது. மனுஷன் எவ்வளவு நேரம்தான் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்? பேச்சு தானாக வந்துவிடும்.

“ராத்திரியெல்லாம் தூங்கல அக்கா, சின்னவளுக்குக் காய்ச்சல்.”

“இப்ப எப்படி இருக்கா?”

“இப்ப நல்லா ஆடுறா. நான்தான் படுத்துட்டேன்.”

இப்படித்தான். மாமியார் சண்டை, வீட்டுக்காரர் தொல்லை, எழுதாமல் விட்ட பரீட்சை. அவள் கேட்பாள். தன்னைப்பற்றி யாராவது கேட்டால், “எனக்கென்ன, ராணி மாதிரி இருக்கேன்” என்பாள். எழுபத்தைந்து விழுக்காடு, எண்பது விழுக்காடு என்று கோடு ஏறும். நூறு தொட்டதும் வேலை. பில்ட் பச்சையாக வந்ததும், அதாவது ஆப் பிழையில்லாமல் உருவானதும், “ரொம்ப தேங்க்ஸ் அக்கா, நீங்க தெய்வம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் தெய்வத்தை யாரும் நினைப்பதில்லை, அடுத்த சிவப்பு வரும்வரை.

அவள் வீடு மூன்றாவது மாடியில். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், இருவர் நின்றால் முழங்கை இடிக்கும் சமையலறை. நாற்பத்துநாலு வயது. கல்யாணம் இரண்டு தடவை பேச்சளவில் வந்து இரண்டு தடவையும் பேச்சளவிலேயே போயிற்று. அம்மா இருந்தவரை வீட்டில் எப்போதும் ஒரு ரேடியோ பேசிக்கொண்டிருக்கும், அதற்குமேல் அம்மா பேசுவாள். அம்மா போய் மூன்று வருஷம். ரேடியோ இருக்கிறது. அதைப் போட்டால் அதற்கு மேலே பேச ஆள் இல்லாதது பளிச்சென்று தெரிவதால் அவள் போடுவதில்லை. எதிர்வீட்டுக் கதவு காலை எட்டுக்கு ஒருமுறை, மாலை ஆறரைக்கு ஒருமுறை திறக்கும். அந்த வீட்டுக்காரரும் இவளும் ஐந்து வருஷமாகத் தலையாட்டிக்கொள்கிறார்கள், பேசினதில்லை.

ஞாயிறு காலை அக்கா போன் வரும். “ஏய், சாப்பிட்டியா? இரு, பால் பொங்குது” என்று போவாள். திரும்பி வந்து, “என்ன சொன்னே?” என்பாள். இவள் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். “ஒண்ணுமில்ல, நீ பாரு” என்பாள். அக்கா கெட்டவள் இல்லை. இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாய் மாமனார், ஓயாத அடுப்பு. அவளுக்கு மூச்சுவிடவே நேரமில்லாதபோது தங்கை மூச்சுவிடுகிறாளா என்று கேட்டதே பெரிது.

இப்படி இருக்கையில்தான் மேலாளர் கூப்பிட்டார். அவருக்கு நிறுவனம் முழுக்க ‘சுருக்கமா சார்’ என்று பெயர். யார் எதைச் சொல்ல வந்தாலும் “சுருக்கமா சொல்லுங்க” என்பார்.

“சுருக்கமா சொல்றேன். ஒவ்வொருத்தருக்கும் கிட் போட ஒன்றரை மணி நேரம் ஆகுது. ரெண்டு பேரோட நேரம். அதுவா ஓடுற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்க. பட்டனை அமுக்கினா எல்லாம் தானா அமையணும். ஒரு மாசம்.”

“சரி சார்.”

“முடியுமா?”

“முடியும் சார்.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் முடியும், எப்படி என்றும் அந்த நொடியே தெரிந்துவிட்டது. வேலை தெரிந்தவர்களின் சாபம் அது.

ஒரு மாசம் மனசார உழைத்தாள். பன்னிரண்டு படிகள். முதல் படியில் கம்ப்யூட்டரில் பழைய கிட்டின் மிச்சம் இருக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் தேடும். இருந்தால் துடைக்கும். பயனர் பெயரில் இடைவெளி இருந்தால் கிட்டை வேறு இடத்தில் வைக்கும். எந்த வெர்ஷனுக்கு எது பொருந்தும் என்ற கணக்கு, பத்து வருஷமாக அவள் தலையில் மட்டும் இருந்தது, இப்போது நூற்றுப்பத்து வரியாகக் கீழே இறங்கியது. மூன்று ஜி.பி.யில் உண்மையில் வேண்டியது எட்டில் ஒரு பங்குதான் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் இறக்க வைத்தாள். பழைய கம்ப்யூட்டர்கள் ஐந்தை அலுவலகத்திலிருந்து வரவழைத்து, கூடத்தில் வரிசையாக வைத்துச் சோதித்தாள். ஐந்தாவதில், கை படாமல், பதினோரு நிமிஷத்தில் பில்ட் பச்சையாக வந்தது.

இத்தனை வருஷத்தில் அவள் செய்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான். யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. கூடத்தில் ஐந்து கம்ப்யூட்டர்களின் விசிறிகள் மட்டும் உர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தன. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இனி யாரும் கூப்பிடப்போவதில்லை. தன் வாசலைத் தானே செங்கல் வைத்துக் கட்டி முடித்திருக்கிறாள்.

மறுநாள் ஸ்கிரிப்டைக் கொடுக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தவள் எட்டாவது படிக்கும் அடுத்ததற்கும் நடுவில் புதிதாக ஒரு படியைச் சேர்த்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று ஆயிற்று. ஸ்கிரிப்ட் அங்கே வந்ததும் நிற்கும். திரையில் நாலு இலக்க எண் ஒன்றும் ஒரு வாக்கியமும் வரும்: ‘உரிமச் சரிபார்ப்பு. கிட்டக்காவை அழைக்கவும்.’ கூப்பிட்டு அந்த எண்ணைச் சொன்னால், அவள் பதில் எண் ஒன்று சொல்வாள். அதைப் போட்டால் மேலே ஓடும். உண்மையில் அந்தப் படி எந்த உரிமத்தையும் பார்க்கவில்லை. ஓர் எண்ணைக் காட்டி இன்னோர் எண்ணைக் கேட்டது, அவ்வளவுதான்.

எழுதி முடித்ததும் அவளுக்கு முகம் சுட்டது. அழிக்கத்தான் நினைத்தாள். போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அனுப்பிவிட்டாள்.

சுருக்கமா சார் கேட்டது ஒரே கேள்வி. “ஒன்பதாவது படி என்ன?”

“பாதுகாப்புக்கு சார்.”

“நல்லது” என்றார். பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

ஏழு மாசம் ஓடிற்று. போன் முன்புபோல் வந்தது. பேச்சு சற்றுக் குட்டையாகிவிட்டது, ஆனால் எண்ணைச் சொன்னபிறகு மிச்சப் படிகள் ஓடும் ஐந்தாறு நிமிஷம் இருந்ததே, அதில் பேசினார்கள். பைக்காரன் வண்டியை விற்றுவிட்டதாகச் சொல்லி வருத்தப்பட்டான். இரட்டையம்மாவின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வேறு வேறு வகுப்பில் போடப்பட்டு அழுதார்கள். குற்றம் செய்கிறோம் என்ற நினைப்பு முதல் மாசம் முள்ளாகக் குத்தியது, இரண்டாம் மாசம் நெருடியது, மூன்றாம் மாசம் மறந்துபோயிற்று. யாருக்கு என்ன நஷ்டம், ஆளுக்கு இரண்டு நிமிஷம்தானே என்று தனக்குத்தானே வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்து தீர்ப்பெழுதிக்கொண்டாள்.

கடைவாய்ப் பல் ஒன்று பல நாளாகத் தொந்தரவு கொடுத்தது. ஒரு புதன்கிழமை காலை லீவு போட்டுப் பல் டாக்டரிடம் போனாள். பல் வேர்விட்டு ஆழமாக உட்கார்ந்திருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டி, துண்டு துண்டாக எடுத்தார். பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, “மூணு மணி நேரம் பேசக்கூடாது. கஷ்டம்தான், பொறுத்துக்கணும்” என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய் மரத்திருந்ததால் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போயிற்று.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து போனை எடுத்தாள். தவறிய அழைப்புகள் இருபத்துமூன்று. பத்தொன்பது இரட்டையம்மாவிடமிருந்து. நாலு சுருக்கமா சாரிடமிருந்து.

செய்திகளைப் படிக்கப் படிக்க நடந்தது புரிந்தது. முந்தைய நாள் கருவிகளுக்குப் போன புது ஆப்பில் ஒரு பிழை. ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குப் போனால், சில சமயம் முந்தையவரின் சர்க்கரை அளவையே காட்டியது. அந்தப் பகுதியை எழுதியவள் இரட்டையம்மாதான், அதைத் தொடத் தெரிந்த வேறு ஆள் நிறுவனத்தில் இல்லை. பிழை எங்கே என்று அவளுக்குப் பத்தே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் கம்ப்யூட்டர் போன வாரம்தான் செத்துப்போய், புதிது அன்று காலைதான் வந்திருந்தது. கிட் போட்டால்தான் திருத்த முடியும். ஸ்கிரிப்டை ஓட்டினாள். எட்டுப் படிகள் வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போயின. ஒன்பதாவதில் நின்றது. கிட்டக்காவை அழைக்கவும்.

அழைத்தாள். அழைத்தாள். அழைத்துக்கொண்டே இருந்தாள்.

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் என்பார்கள். வாய் நிறையப் பஞ்சோடு உட்கார்ந்திருந்த கிட்டக்காவுக்கு அது பழமொழியாகவே இல்லை. அவசர அவசரமாக ‘எண் என்ன? அனுப்பு’ என்று செய்தி அடித்தாள்.

உடனே பதில் வந்தது. ‘வேண்டாம் அக்கா. முடிச்சுட்டேன்.’

அவ்வளவுதான். அதற்குப்பின் அன்று அவளிடமிருந்து எதுவும் வரவில்லை.

எப்படி முடித்தாள்? முடிக்க ஒரே வழிதான் உண்டு என்று கிட்டக்காவுக்குத் தெரியும். ஸ்கிரிப்டைத் திறந்து வரிவரியாகப் படித்திருக்க வேண்டும்.

மாலை சுருக்கமா சார் எல்லோருக்கும் எழுதினார். பிழை திருத்தப்பட்டது, இரண்டு மணி நாற்பது நிமிஷத் தாமதம், அதுவரை நர்ஸுகள் கருவியைப் பயன்படுத்தாமல் பழையபடி காகிதத்தில் எழுதினார்கள். தகவல் போய்ச் சேருமுன்பே, ஒரு நர்ஸ் ஒரு பெரியவருக்கு இன்சுலின் ஊசியை நிரப்பிவிட்டு, காட்டிய எண்ணில் சந்தேகப்பட்டு விரலில் மறுபடி குத்திப் பார்த்திருக்கிறார். சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கிக் கிடந்திருக்கிறது. ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சார் எழுதவில்லை. கிட்டக்காவுக்கு மட்டும் தனியாக ஒரு வரி: ‘பல் எப்படி இருக்கிறது? உங்கள்மேல் தவறில்லை.’

அந்த வரிதான் அவளைக் கொன்றது.

மறுநாள் காலை பத்து மணிக்கு இரட்டையம்மா கூப்பிட்டாள்.

“அக்கா, பேச முடியுதா?”

“முடியுது. சொல்லு.”

“நேத்து ஸ்கிரிப்டப் படிச்சேன். பாதுகாப்புன்னு எல்லாரும் பயந்ததால முதல்ல தொடவே இல்ல. கையால போட்டுப் பாத்தேன், வரல. அப்புறம்தான் திறந்தேன். ஒன்பதாவது படி எதையுமே சரிபார்க்கல அக்கா.”

“ஆமா.”

“தப்பா எழுதிட்டீங்கன்னு முதல்ல நெனச்சேன். மத்த படியெல்லாம் அவ்வளவு அழகா இருக்கு. அப்படி எழுதுறவங்க இதத் தப்பா எழுத மாட்டாங்க.”

கிட்டக்காவுக்குக் கன்னம் வீங்கித் தெறித்தது.

“ஏன் அக்கா?”

பொய் ஒன்று நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. அதைச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. “போன் வரணும்னு” என்றாள்.

“என்னது?”

“இல்லாட்டி யாரும் கூப்பிட மாட்டீங்க. அதுக்குத்தான்.”

அந்தப் பக்கம் எங்கோ ஒரு குழந்தை மற்றொரு குழந்தையின் பெயரைச் சொல்லிக் கத்தியது.

“பாத்ரூம்ல கதவச் சாத்திட்டு அழுதேன் அக்கா நேத்து,” என்றாள் இரட்டையம்மா. குரல் உயரவில்லை. “என்னால ஒரு ஆளு செத்துடுவாங்களோன்னு. என் பிழைதான், அத நான் மறுக்கல. ஆனா திருத்துற மருந்து கையில இருக்கு, குடுக்க முடியல. நான் சும்மாவே கூப்பிட்டிருப்பேன். நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா.”

“தெரியும்.”

“தெரியாது அக்கா உங்களுக்கு. தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டீங்க.” பெருமூச்சு கேட்டது. “நான் சார்கிட்ட சொல்லல. நீங்களே சொல்லிடுங்க.”

வைத்துவிட்டாள்.

உப்பைத் தின்றவர் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை கிட்டக்கா புடவை மாற்றி, இரண்டு பேருந்து மாறி அலுவலகத்துக்குப் போனாள். ஒன்றரை வருஷமாகப் போனதில்லை. வாசலில் காவலாளிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு ஒரு வருகைச் சீட்டைக் கழுத்தில் மாட்டிவிட்டார். தன் சொந்த அலுவலகத்துக்குள் விருந்தாளியாக நடந்து போனாள்.

சுருக்கமா சார் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தை அவளுக்குத் தெரியும். அவள் முகத்தை அவர் நேரில் பார்த்தது மூன்றாவது தடவையோ என்னவோ.

“உக்காருங்க. சுருக்கமா...”

“ஒன்பதாவது படி பொய் சார். எல்லாரும் எனக்கு போன் பண்ணணும்னு நானே வெச்சேன்.”

இதைவிடச் சுருக்கமாக யாரும் அவரிடம் எதையும் சொன்னதில்லை. அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

“கொஞ்சம் விவரமா சொல்லுங்க” என்றார்.

சொன்னாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் நடுவில் குறுக்கிடவில்லை. கடைசியில், “நான் ஒரு தடவையாவது உள்ள பார்த்திருக்கணும். நானும் பாக்கல” என்றார். பிறகு மேலாளர் ஆனார். எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்படும். படியை இன்றே எடுக்க வேண்டும். முப்பத்தொரு பேருக்கும் அவளே எழுதித் தெரிவிக்க வேண்டும். கிட் வேலையை இனி இரண்டு பேர் சேர்ந்துதான் பார்ப்பார்கள். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

அங்கேயே ஒரு காலி மேசையில் உட்கார்ந்து படியை எடுத்தாள். பதினேழு வரி. அழிக்க ஒரு நொடி.

எல்லோருக்கும் எழுதிய கடிதம்தான் கடினமாக இருந்தது. நாலு தடவை எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் நடந்ததை அப்படியே எழுதி, மன்னிக்கும்படி கேட்டு அனுப்பினாள். ஒன்பது பேர் பதில் போட்டார்கள். மூன்று பேர் சுடச்சுடக் கொடுத்தார்கள், நியாயம்தான். ஐந்து பேர் ‘பரவாயில்லை’ என்று எழுதினார்கள். பைக்காரன், ‘அக்கா, பழைய முக்கால் மணி நேரமே நல்லாயிருந்துச்சு’ என்று எழுதியிருந்தான். மற்ற இருபத்திரண்டு பேர் ஒன்றும் சொல்லவில்லை. அதில் இரட்டையம்மாவும் ஒருத்தி.

பிறகு போன் ஓய்ந்தது. ஓய்ந்தது என்றால் அப்படி ஓர் ஓய்வு. சார்ஜ் குறைந்துவிட்டதோ என்று எடுத்துப் பார்ப்பாள், நிறைந்திருக்கும். குளிர்ப்பெட்டி எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை உறுமும், எதிர்வீட்டுக் கதவு எந்தச் சுருதியில் கிரீச்சிடும், எல்லாம் மனப்பாடமாயிற்று. ஸ்கிரிப்ட் தன்பாட்டுக்கு ஓடியது. புதிதாகச் சேர்ந்த நாலு பேர் அவளை அறியாமலே கிட் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொல்லிவிட்டாள். பால் பொங்குது என்று அக்கா எழுந்தபோது, “பொங்கட்டும், உக்காரு” என்றாள். அப்படி அவள் சொன்னதே இல்லை. அக்கா உட்கார்ந்தாள் போலிருக்கிறது. முழுக்கக் கேட்டாள்.

“முப்பது பேர் கூப்பிடணும்னு அவ்வளவு தந்திரம் பண்ணியே, என்னை ஏண்டி கூப்பிடல?”

“நீ வேலையா இருப்ப.”

“இருப்பேன்தான்.” அக்கா மூக்கை உறிஞ்சினாள். “அதுக்காக?”

அடுப்பில் பால் தீய்ந்துபோன வாடை வருகிறது என்று சொல்லிவிட்டு அக்கா போனாள். அடுத்த வாரத்திலிருந்து புதன்கிழமையும் கூப்பிட ஆரம்பித்தாள். புதன்கிழமையும் பால் பொங்கத்தான் செய்தது.

இரண்டு மாசம் கழித்து இரட்டையம்மாவிடமிருந்து ஒரு போன் வந்தது. ஆவலோடு எடுத்தாள். “மேடம், நாலாவது படியில ஒரு சந்தேகம்” என்றது குரல். மேடம். அக்கா இல்லை. சந்தேகத்தைத் தீர்த்துவைத்தாள். “தேங்க்ஸ் மேடம்.” நாலு நிமிஷம். குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. கேட்கும் உரிமை அந்த ‘அக்கா’வுக்குள்தான் இருந்திருக்கிறது.

அந்த வாரமே அவள் சுருக்கமா சாருக்கு எழுதிக் கேட்டாள். நர்ஸுகள் காலையில் கூடிக் கருவிகளை எடுத்துக்கொண்டு போகும் கூடத்தில் குறைகளைக் கேட்டு எழுத ஓர் ஆள் வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் போகத் தயாராக இல்லை. நான் போகிறேன் என்றாள். செவ்வாயும் வெள்ளியும் என்று முடிவாயிற்று.

கூடம் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. சுவர் நீளத்துக்கு அலமாரி, அதில் வரிசையாகக் கருவிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். ஏழு மணிக்கு நர்ஸுகள் திமுதிமுவென்று வருவார்கள். கையெழுத்துப் போட்டு, கருவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மூலையில் ஒரு மேசையும் நாற்காலியும் அவளுக்கு. முதல் இரண்டு வாரம் யாரும் அவளிடம் வரவில்லை. குடை வைக்கிற இடம் என்று நினைத்து ஒருத்தி அவள் மேசைமேல் ஈரக்குடையை வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் வாரம் ஒரு நெட்டையான நர்ஸ் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். இவர்தான் அன்றைக்கு விரலில் மறுபடி குத்திப் பார்த்தவர் என்று அங்கே யாரோ சொல்லிக் கிட்டக்காவுக்கு முன்பே தெரியும்.

“பேட்டரி சீக்கிரம் இறங்குது. நீங்கதான் எழுதிக்கிறவங்களா?”

“ஆமாங்க, உக்காருங்க.”

“உக்கார நேரமில்ல. பதினெட்டு வீடு இருக்கு.”

கிட்டக்கா எழுந்து நின்றாள். “அன்னைக்கு, அந்தப் புதன்கிழமை, கருவி சரியாக அவ்வளவு நேரம் ஆச்சே, அது என்னாலதாங்க. நான் வெச்ச ஒரு தடை.”

நெட்டை நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எந்தப் புதன்?”

“ஊசி போட இருந்தீங்களே, ஒரு பெரியவருக்கு...”

“ஓ, அதுவா. அது உங்க தடைக்கு முன்னாடி. மெஷினை நம்பி எந்தக் காலத்துல ஊசி போட்டோம்? ஆளு முகத்தப் பாத்தாலே தெரியும், வேர்த்து ஊத்துது.” பையைத் தோளில் ஏற்றினார். “ஆனா அதுக்கப்புறம் அலஞ்சேன் பாருங்க. காலையில பாத்த ஆறு வீட்டுக்கும் திரும்பப் போனேன், எந்த நம்பர் யாரோடதுன்னு தெரியாம. அதுல மூணு வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நடுவழியில செருப்பு வேற அறுந்துபோச்சு. சீக்கிரம் சரியாகியிருந்தா எது யாரோடதுன்னு மெஷினே காட்டியிருக்கும், ரெண்டு வீட்டோட போயிருக்கும்.”

“மன்னிச்சிடுங்க.”

“சரி விடுங்க” என்றார் அவர். மன்னித்ததுபோலவும் இல்லை, மன்னிக்காததுபோலவும் இல்லை. மணியைப் பார்த்துவிட்டு, “பேட்டரிய எழுதுங்க முதல்ல. பதினோரு மணிக்கே செத்துப்போகுது. என்னோடது மட்டுமில்ல, எல்லாருக்கும்தான். கேட்டுப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

கேட்டுப் பாருங்க. கிட்டக்கா நோட்டை எடுத்துக்கொண்டு மேசையைவிட்டு வெளியே வந்தாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒருத்தியிடம், “உங்களுக்கும் பேட்டரி இறங்குதாங்க?” என்று கேட்டாள். “ஆமா” என்றாள் அவள். இன்னொருத்தியிடம் கேட்டாள். அவள் பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தையும், கண்ணாடி போடாமல் எழுத்துத் தெரியவில்லை என்று நாலு வார்த்தையும் சொன்னாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எட்டு மணிக்குள் கூடம் ஈ காக்கை இல்லாமல் காலியாகிவிட்டது. அலமாரியில் ரிப்பேருக்குக் கிடந்த இரண்டு கருவிகளின் சிவப்பு விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் திரும்பி வர மதியம் ஒரு மணி ஆகும். நாற்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு, எழுதினதை முதலிலிருந்து சரிபார்க்க ஆரம்பித்தாள்.